கொங்கிறீற்று வாள்: தெரிவும் பேணலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே முற்காலத்தில் எழுந்த வீடுகள் பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லாலும் பனைமரத்தாலும் ஆனவை. சுவரிலே புதிதாக ஒரு கதவு வைக்க வேண்டுமாயின் மேசனுடைய உளியும் சுத்தியலும் போதும். பனை வளை ஒன்றைக் குறைக்க வேண்டுமாயின் தச்சனுடைய கைவாள் போதும். இன்றோ வடக்கிலும் தெற்கிலும், மலைநாட்டிலும் கரையோரத்திலும், தூணும் வளையும் மேற்றளமும் நிலமும் கொங்கிறீற்றாகவே அமைகின்றன. கட்டுவது எளிதாயிற்று, கட்டியதை மாற்றுவது அரிதாயிற்று. குளியலறைக்குப் புதிய குழாய் பதிப்பதற்கும், மாடிப்படிக்கு வழிவிடுவதற்கும், வீதியைக் கிழித்து நீர்க்குழாய் புதைப்பதற்கும் இறுகிய கொங்கிறீற்றை வெட்டியே ஆகவேண்டியிருக்கிறது.

சம்மட்டியால் உடைத்தால் வேலை முடியாதா என்று கேட்பாருமுளர். முடியும், ஆயின் அடியின் அதிர்ச்சி, உடைய வேண்டிய இடத்தோடு நின்றுவிடுவதில்லை. வெடிப்பு அயலிடத்துக்கும் பரவும். உள்ளே கிடக்கும் கம்பிக்கும் கொங்கிறீற்றுக்கும் உள்ள பிடிப்பும் தளரும். வாளால் அறுத்த இடமோ நேர்கோடாக நிற்கும். எஞ்சிய பகுதி ஊறுபடாது. இக்காரணத்தினாலேயே கொங்கிறீற்று வாள் கட்டட ஒப்பந்தக்காரருடைய இன்றியமையாத கருவிகளுள் ஒன்றாகிவிட்டது. அது விலையுயர்ந்த கருவி. பழுதுற்றால் நாள் முழுவதும் வேலையாட்களைச் சும்மா இருக்கச் செய்யும் கருவி. கவனந் தவறினால் ஆளையே வருத்தும் கருவி. ஆகவே அதனை வாங்குமுன் ஆராய வேண்டியவை பல உள.

முதலாவதாக, இந்த வாள் எவ்வாறு வெட்டுகிறது என்பதைத் தெளிதல் வேண்டும். வாள் என்றவுடன் மரத்தை அறுக்கும் கூரிய பற்களே நினைவுக்கு வரும். கொங்கிறீற்று வாளுக்கு அத்தகைய பற்கள் இல்லை. அதன் அலகு ஓர் உருக்குத் தட்டு. தட்டின் விளிம்பிலே சிறுசிறு துண்டங்கள் பொருத்தப்பட்டிருக்கும். அத்துண்டங்களின் உள்ளே, உலோகத் தூளோடு கலந்து, நுண்ணிய வைரப் பரல்கள் பதிந்து கிடக்கும். அலகு சுழலும்பொழுது அப்பரல்கள் சீமெந்தையும் மணலையும் கருங்கற் சல்லியையும் உராய்ந்து துகளாக்குகின்றன. ஆகவே நடைபெறுவது அறுத்தல் அன்று. அரைத்தல் என்பதே பொருந்தும். அம்மியிலே மிளகாய் அரைபடுவது போலக் கல் இங்கே அரைபடுகிறது. இந்தத் துகளே பின்னர் தீமை யாவற்றுக்கும் மூலமாவதைக் காணலாம்.

வைரம் என்றதும் அது பெருஞ்செல்வர்க்கே உரிய பொருள் என எண்ண வேண்டியதில்லை. 1954ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்து ஆய்வுகூடத்தில் மிகுந்த அழுத்தமும் வெப்பமும் கொடுத்துச் செயற்கை வைரம் ஆக்கப்பட்டது. 1955ஆம் ஆண்டிலே அச்செய்தி உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதன் பின்னர் தொழிற்சாலைகளுக்கான வைரம் மலிந்தது. இன்று கல்லறுக்கும் அலகுகளில் இருப்பது பெரும்பாலும் செயற்கை வைரமே.

அலகின் இயல்பில் ஒரு நுட்பமுண்டு. வைரப் பரல் மழுங்கியதும் அதனைப் பிடித்திருக்கும் உலோகம் தேய்ந்து, மழுங்கிய பரலை உதிர்த்து, உள்ளிருக்கும் புதிய பரலை வெளிக்காட்ட வேண்டும். அவ்வாறு தேய்ந்து கொடுத்தாற்றான் அலகு வெட்டிக்கொண்டேயிருக்கும். இறுகி முதிர்ந்த கொங்கிறீற்றும் கடினமான கருங்கல்லும் உலோகத்தை அதிகம் தேய்ப்பதில்லை. எனவே அவற்றுக்கு மெதுவான உலோகப் பிடிப்புள்ள அலகு வேண்டும். புதிய கொங்கிறீற்று, சீமெந்துக் கல், தார் வீதி முதலியன மணற்றன்மையால் உலோகத்தை விரைவிலே தின்றுவிடும். அவற்றுக்குக் கடினமான பிடிப்புள்ள அலகு வேண்டும். சுருங்கக் கூறின், கடினப் பொருளுக்கு மென்பிடிப்பு, மென்பொருளுக்குக் கடும்பிடிப்பு என்பதே விதி. இது தலைகீழாகத் தோன்றினும் உண்மை. இவ்விதியை அறியாதார், நல்ல அலகு வெட்டாமல் வழுக்கும்பொழுது, வாளின் எஞ்சினுக்கு வலுவில்லை என்று பழி கூறுவர். உண்மையில் அலகின் விளிம்பு கண்ணாடி போல மினுங்கி மழுங்கியிருக்கும். சீமெந்துக் கல் போன்ற மணற்பாங்கான பொருளிற் சிலமுறை வெட்டினால் உலோகம் தேய்ந்து புதிய பரல்கள் தோன்றும். அலகும் மீண்டும் கூர்மை பெறும்.

வைர அலகேயன்றிப் பிசினாற் பிணைத்த சாதாரண உராய்வுத் தட்டுகளும் கடைகளில் உண்டு. அவற்றின் விலை குறைவு. ஆயின் வெட்ட வெட்ட அவை கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகச் சிறுத்துப் போகும். காலையிலிருந்த ஆழம் மாலையில் இராது. பிசின் நாட்பட்டால் வலுவிழக்கும். ஆகையால் அத்தட்டுகளிலே காலாவதித் திகதி பொறிக்கப்பட்டிருக்கும். திகதி கடந்ததையும், ஈரத்தில் ஊறியதையும், நிலத்தில் விழுந்து அடிபட்டதையும் பூட்டலாகாது. அதிவேகத்திற் சுழலும் தட்டு உடைந்தால், அதன் துண்டு துப்பாக்கிக் குண்டுக்கு ஒப்பாகும்.

இனி வாளின் வகைகள். கையிலே தாங்கி வெட்டும் வாளே ஒப்பந்தக்காரரிற் பலருக்கு முதற்கருவி. சில்லுகளின் மேல் நிற்க, ஒருவர் பின்னாலிருந்து தள்ளிச் செல்லும் வாள் மற்றொன்று. இது நிலத்துக்கும் வீதிக்கும் உரியது. சுவரிலே தண்டவாளம் போன்ற தடத்தைப் பொருத்தி, அதன்மீது ஊர்ந்து வெட்டும் சுவர் வாளும் உண்டு. வைர மணிகள் கோத்த கம்பியைச் சுற்றியோடச் செய்து பாலத் தூண்களையும் அணைக்கட்டுகளையும் அறுக்கும் கம்பி வாளும் உண்டு. பின்னிரண்டும் பெருநிறுவனங்களுக்கு உரியவை; வீடும் கடையும் பாடசாலையும் கட்டும் சிறு ஒப்பந்தக்காரர் முன்னிரண்டையே கருத வேண்டும்.

நேராகவும் நீளமாகவும் பல மீற்றர் வெட்ட வேண்டியவிடத்துத் தள்ளுவாளே சிறந்தது. புதிதாக வார்த்த நிலத்திற் சுருக்க மூட்டுகள் வெட்டுவது அதன் தனிப் பணி. கொங்கிறீற்று உலரும்பொழுது சுருங்கும். சுருங்கும்பொழுது எங்காயினும் வெடிக்கும். வெடிக்க வேண்டிய இடத்தைத் தளத்தின் கனத்தில் நாலிலொரு பங்கு ஆழத்துக்கு முன்னரே கீறிவிட்டால், வெடிப்பு அக்கீறலின் அடியிலே மறைந்துவிடும். இக்கீறலைச் சாதாரண வாளால் மேற்பரப்பு முடித்து 4 மணி முதல் 12 மணி நேரத்துக்குள் இடுவது வழக்கம். வெயிலும் காற்றும் மிகுந்த நாளில் நேரம் முந்தும். மிக முந்தினால் விளிம்பு உதிரும்; பிந்தினால் வாள் வருமுன் வெடிப்பு வந்துவிடும். அன்றைக்கு இயங்க மறுத்த வாள், அந்த நிலம் முழுவதையும் கெடுத்த வாளாகும். நம்பகமான கருவி என்பதன் பொருள் இத்தகைய நாளிலேதான் விளங்கும்.

கைவாளிலே முதலிற் கேட்க வேண்டிய கேள்வி, அது எவ்வளவு ஆழம் வெட்டும் என்பதாகும். 350 மில்லிமீற்றர், அதாவது 14 அங்குல விட்டமுள்ள அலகு 175 மில்லிமீற்றர் வெட்டும் என எண்ணுதல் இயல்பு. ஆயின் நடுவிலே அச்சும் அலகை இறுக்கும் தட்டுகளும் இடம் பிடிக்கின்றன. எனவே கிடைக்கும் ஆழம் ஏறத்தாழ 125 மில்லிமீற்றரே. 300 மில்லிமீற்றர் அலகுக்கு ஏறத்தாழ 100 மில்லிமீற்றரும், 400 மில்லிமீற்றர் அலகுக்கு ஏறத்தாழ 145 மில்லிமீற்றரும் கிடைக்கும். அலகு தேயத்தேய இவ்வாழம் இன்னும் குறையும். ஆகவே 5 அங்குலத் தளத்தை ஒரே பக்கத்திலிருந்து முழுவதும் வெட்ட விரும்புவார் 350 மில்லிமீற்றர் வாளை நம்பியிருத்தல் ஒரு நூலிழையில் நிற்பதாகும். பெரிய வாளை வாடகைக்கு எடுத்தல், அல்லது இரு பக்கத்திலுமிருந்து வெட்டுதல் தகும். எனினும் எப்பொழுதோ ஒருமுறை வரும் வேலைக்காக எந்நாளும் பெரிய வாளைச் சுமப்பதும் அறிவன்று. பெரும்பாலான வேலைகளுக்கு 350 மில்லிமீற்றர் போதுமானது.

அடுத்தது வேகம். 350 மில்லிமீற்றர் அலகு நிமிடத்துக்கு 5400 முறை சுழன்றால், அதன் விளிம்பு செக்கனுக்கு ஏறத்தாழ 99 மீற்றர் செல்லும். மணிக்கு 350 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வேகம் அது. அலகிலே பொறிக்கப்பட்ட உச்ச வேகம், வாளின் உச்ச வேகத்துக்குச் சமமாகவோ கூடியதாகவோ இருத்தல் வேண்டும். அலகின் நடுத்துளையும் வாளின் அச்சும் ஒன்றுக்கொன்று அளவொத்திருத்தல் வேண்டும். 20 மில்லிமீற்றரும் 25.4 மில்லிமீற்றரும் வழக்கிலுள்ள அளவுகள். தளர்வாக நிற்கும் துளையைக் கடதாசியோ கம்பியோ செருகிச் சரிசெய்தல் உயிரோடு விளையாடுதலாகும். அலகிலே உள்ள அம்புக்குறி வாள் சுழலும் திசையை நோக்க வேண்டும்.

எஞ்சினைப் பற்றிக் கூறுமிடத்து, பெற்றோல், மின்சாரம், பற்றரி, எண்ணெய் அழுத்தம் என நான்கு வழிகள் உள. பெற்றோல் வாள் எங்கும் எடுத்துச் செல்லத்தக்கது. மின்சாரம் வராத காணியிலும் வீதியிலும் அதுவே துணை. 350 மில்லிமீற்றர் பெற்றோல் வாள்கள் பொதுவாக 3 முதல் 4 கிலோவாற்று வலுவும், அலகு நீங்கலாக ஏறக்குறைய 10 கிலோகிராம் நிறையும் உடையன. இவற்றுட் பெரும்பாலானவை ஈரடிப்பு எஞ்சின்கள். பெற்றோலோடு எண்ணெய் கலந்தே ஊற்ற வேண்டும். தயாரிப்பாளர் 50க்கு 1 என்று விதித்திருப்பின், 5 லீற்றர் பெற்றோலுக்கு 100 மில்லிலீற்றர் ஈரடிப்பு எண்ணெய் என்பது கணக்கு. கண்மதிப்பாக ஊற்றும் பழக்கம் எஞ்சினின் ஆயுளைக் குடிக்கும். எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் உருளையோடு பற்றும். கூடினால் புகையும் கரியும் மிகும்.

பெற்றோல் வாளைப் பற்றிய கண்டிப்பான விதி ஒன்றுண்டு. அதனை வீட்டினுள்ளோ, நிலவறையிலோ, ஆழமான குழியிலோ இயக்கலாகாது. புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கதவையும் யன்னலையும் திறந்துவிட்டாற் போதும் என்பது தவறான எண்ணம். சிறிய பெற்றோல் எஞ்சின்களை உள்ளிடங்களில் இயக்குதல் சில நிமிடங்களிலேயே ஆளை மயக்கி வீழ்த்தக்கூடும் என்று 1996ஆம் ஆண்டில் அமெரிக்க அரச நிறுவனங்கள் கூட்டாக எச்சரித்தன. மயங்குவோர் தம் மயக்கத்தை உணர்வதுமில்லை. உணரும் வேளையில் எழுந்து நடக்க வலுவிருப்பதுமில்லை.

உள்வேலைக்கு மின்வாளோ பற்றரி வாளோ உகந்தது. இலங்கையில் மின்வழங்கல் 230 வோற்று. 13 அம்பியர் செருகியிலிருந்து ஏறக்குறைய 3 கிலோவாற்று வரை பெறலாம். மின்வாளை நெடிய மெல்லிய வயரிற் பூட்டினால் மின்னழுத்தம் குறைந்து மோட்டார் சூடேறும். ஆகவே வயர் தடிப்பானதாகவும், இயன்றவரை குறுகியதாகவும் இருக்க வேண்டும். வெட்டும்பொழுது நீர் பாய்ச்ச வேண்டியிருப்பதால், மின் கசிந்தவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியம்பியர் ரிப் சுவிச் இல்லாத இடத்தில் மின்வாளைத் தொடுதலே தகாது. நீர் பாய்ச்சி வெட்டுவதற்கென்று ஆக்கப்படாத மின்வாளிலே நீர் விடுவதும் அத்தகையதே. பற்றரி வாள் புகையற்றது. தொடக்கக் கயிறும் அதற்கு இல்லை. சிறு வெட்டுகளுக்கு அது நன்று. நாள் முழுவதும் வெட்டுவோருக்குப் பல பற்றரிகளின் விலையும் கணக்கில் வரும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் வாள் வலியது. ஆயின் அதற்கெனத் தனியே ஓர் அழுத்தப் பொறி வேண்டும்.

இனி நம்பகம் என்பதற்கு வருவோம். கொங்கிறீற்று வாளின் முதற்பகை அதுவே எழுப்பும் தூசு. காற்றை உறிஞ்சும் எஞ்சின், தூசையும் உறிஞ்ச முயலும். கல்லைத் தேய்க்கும் தூசு பிஸ்டனைத் தேய்க்க அஞ்சுமா? ஆகவே வாளின் வலுவைப் பார்க்குமுன் அதன் காற்று வடிகட்டியைப் பார்த்தல் வேண்டும். உட்புகும் காற்றைச் சுழலச் செய்து பருந்தூசை முதலிலே வெளியேற்றி, எஞ்சியதை இரண்டு மூன்று அடுக்கு வடிகட்டிகளாற் பிடிக்கும் அமைப்பு இன்றைய நல்ல வாள்களில் உண்டு. வடிகட்டி எளிதிற் கழற்றத்தக்கதா, அதன் விளிம்பு இறுக்கமாகப் பொருந்துகிறதா, மாற்று வடிகட்டி கொழும்பிலன்றி அண்மை நகரிலும் கிடைக்குமா என்னும் மூன்றும் கேட்கத் தக்கவை.

எஞ்சினின் வலுவை அலகுக்குக் கொண்டு செல்லும் வார்ப்பட்டி அடுத்துக் கவனிக்கத்தக்கது. பட்டி தளர்ந்தால் வழுக்கிச் சூடேறி அறும்; மிக இறுகினால் அச்சின் பெயாரிங் கெடும். பட்டியின் இறுக்கத்தை வேலைத்தலத்திலேயே ஒரு சாவியாற் சரிசெய்யக்கூடிய அமைப்பு விரும்பத்தக்கது. தொடக்கக் கயிறு, பிளக், வடிகட்டி, பட்டி ஆகிய நான்குமே அடிக்கடி மாற்ற வேண்டியவை. இந்நான்கும் கிடைக்காத வாள், எத்துணைப் புகழ்பெற்ற பெயரைத் தாங்கியிருப்பினும், ஒப்பந்தக்காரருக்கு உதவாது. ஸ்ரில் நிறுவனம் 1926ஆம் ஆண்டில் ஜேர்மனியில் தொடங்கியது. சுவீடனின் ஹஸ்க்வானா 1689ஆம் ஆண்டில் துப்பாக்கித் தொழிற்சாலையாகத் தோன்றியது. இத்தகைய நெடிய வரலாறுகள் மதிப்புக்குரியவையே. எனினும் வாங்குவோர் அறிய வேண்டியது நிறுவனத்தின் வயதை அன்று; தம் ஊருக்கு அண்மையில் உதிரிப்பாகமும் திருத்துநரும் உளரா என்பதையே. புகழ்பெற்ற பெயரை ஒட்டிய போலிச் சரக்கும் சந்தையில் உலாவும் ஆகையால், அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்கி, தொடர் இலக்கத்தையும் பற்றுச்சீட்டையும் பேணுதல் நன்று.

பழைய வாளை வாங்குவோர் சில சோதனைகளைத் தாமே செய்யலாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்பொழுது தொடக்கிக் காட்டும்படி கேட்க வேண்டும். விற்பவர் முன்னரே சூடாக்கி வைத்திருப்பின் ஐயுற வேண்டும். காற்று வடிகட்டியைக் கழற்றி, அதற்கு அப்பால் உள்ள சுத்தமான பக்கத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அங்கே தூசு ஒட்டுமாயின், எஞ்சினின் உள்ளுறுப்புகள் தேய்ந்திருக்கும் என்று கொள்ளலாம். புகைபோக்கியைக் கழற்றினால் துளையினூடே பிஸ்டனின் பக்கம் தெரியும். அதிலே மேலுங்கீழுமாகக் கீறல்கள் இருப்பின் அந்த வாளை அங்கேயே விட்டு வருதல் இலாபம். அலகை இரு கையாலும் பிடித்து அசைத்தால் ஆட்டம் இருத்தல் கூடாது. எஞ்சின் ஆறுதலாக ஓடும்பொழுது அலகு சுழலாமல் நிற்க வேண்டும். சுழலுமாயின் கிளச்சோ எஞ்சின் வேகமோ சீரில்லை. அலகின் மேற்காப்பு உறுதியாக நிற்கிறதா, நீர்க்குழாயின் அடைப்பான் திறந்து மூடுகிறதா, கைபிடியின் அதிர்வு தாங்கிகள் கிழியாதிருக்கின்றனவா என்பனவும் காணத்தக்கவை. காப்பைக் கழற்றிவிட்டு வேலை செய்த வாள் என்று தெரிந்தால், மற்றப் பராமரிப்பும் அவ்வாறே நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

விலையைப் பற்றிய கணக்கிலும் பலர் ஏமாறுவதுண்டு. ஓர் அலகின் விலையைப் பார்க்கலாகாது; ஒரு மீற்றர் வெட்டுவதற்கு ஆகும் செலவையே பார்க்க வேண்டும். ஓர் அலகு 100 மீற்றர் வெட்டித் தேய்கிறது என்றும், இருமடங்கு விலையுள்ள மற்றோர் அலகு 300 மீற்றர் வெட்டுகிறது என்றும் வைத்துக்கொள்வோமாயின், இரண்டாவதன் செலவு மீற்றருக்கு மூன்றில் இரண்டு பங்கே ஆகும். அலகை மாற்றும் நேரமும் மிச்சம். வாளுக்கும் இதே முறை பொருந்தும். வாங்கிய விலை, எரிபொருள், அலகு, திருத்தச் செலவு, பழுதுற்று நின்ற நாட்களுக்குக் கொடுத்த கூலி ஆகியவற்றைக் கூட்டி, வெட்டிய மீற்றராற் பிரித்தாற் கிடைப்பதே உண்மையான விலை. மாதத்தில் ஓரிரு நாள் மட்டும் வாள் தேவைப்படுவோருக்கு வாடகையே இலாபம். வாரந்தோறும் தேவைப்படுவோர் சொந்தமாக வாங்கலாம்.

இவ்வளவும் பணத்தைப் பற்றியது. பணத்தினும் பெரியதொன்று உண்டு. அது வாளைப் பிடிப்பவனுடைய சுவாசப்பை. மணலிலும் கருங்கல்லிலும் படிகச் சிலிக்கா மிகுதியாக உள்ளது. உலர்ந்த கொங்கிறீற்றை வெட்டும்பொழுது எழும் வெண்புகையிற் கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் துகள்கள் கலந்திருக்கும். அவை சுவாசப்பையின் ஆழத்திற் படிந்து, அதனைத் தழும்பாக்கி, மூச்சைக் குறைக்கும். சிலிக்கோசிஸ் எனப்படும் அந்நோய்க்கு முற்றான பரிகாரம் இல்லை. புற்றுநோய்க்கும் இத்தூசு காரணமாகும் என்பதை 1997ஆம் ஆண்டில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் உறுதிசெய்தது.

இத்தூசின் கொடுமையை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவிலே நேர்ந்தது. 1930ஆம் ஆண்டில் ஹோக்ஸ் நெஸ்ற் என்னுமிடத்தில் நீர்மின் திட்டத்துக்காக மலையைக் குடைந்து சுரங்கம் அமைத்தனர். பாறை சிலிக்கா மிகுந்தது. நீர் விட்டுத் துளைத்தால் வேலை தாமதிக்கும் என்று உலர்வாகவே துளைத்தனர். வேலை தேடி வந்த ஏழைத் தொழிலாளர், அவர்களுட் பெரும்பாலார் கறுப்பினத்தவர், முகக்கவசமின்றி அத்தூசினுள் உழைத்தனர். சிலர் சில மாதங்களிலும், வேறு சிலர் சில ஆண்டுகளிலும், நூற்றுக்கணக்கில் மாண்டனர். அவர்களைக் காத்திருக்கக்கூடிய பொருள் அரியதொன்றன்று, வெறும் நீரே.

கொங்கிறீற்று வாளுக்கும் அந்த நீரே காவல். அலகின் இருபுறத்திலும் நீர் விழும்படி குழாய் பொருத்திய வாளையே வாங்க வேண்டும். நிமிடத்துக்கு அரை லீற்றர் நீரேனும் இடையறாது பாய வேண்டும் என்பது பிரித்தானியச் சுகாதார பாதுகாப்பு அதிகாரிகளின் அறிவுரை. 2016ஆம் ஆண்டில் அமெரிக்கா விதித்த சட்டம், எட்டு மணி நேர வேலையிற் சராசரியாக ஒரு கன மீற்றர் காற்றில் 50 மைக்கிரோகிராமுக்கு மேற் சிலிக்காவைத் தொழிலாளி சுவாசிக்கலாகாது என்கிறது. ஒரு தேக்கரண்டிச் சீனியின் எண்பதினாயிரத்தில் ஒரு பங்களவே அது. முகத்திலே கட்டும் கைக்குட்டையோ மெல்லிய துணியோ அத்தகைய நுண்டூசைத் தடுக்காது. நீரோடு, முகத்துக்கு இறுகப் பொருந்தும் தகுந்த சுவாசக் கவசமும் வேண்டும். நீர் அலகைக் குளிர்வித்து அதன் ஆயுளையும் நீட்டிக்கும். ஆகவே இச்செலவு ஆளுக்கும் கருவிக்கும் ஒருங்கே பயன்படும். வெட்டியபின் தேங்கும் சேறு காரத்தன்மை உடையது. தோலைப் புண்ணாக்கும், வடிகாலிலே விட்டால் இறுகி அடைக்கும். அதனை அள்ளி அப்புறப்படுத்த வேண்டும்.

தூசுக்கு அடுத்த ஆபத்து வாளின் உதைப்பு. சுழலும் அலகின் முன்பக்க மேற்பகுதி எதிலாவது தட்டினாலும், வெட்டிய பிளவு நெருங்கி அலகைக் கௌவினாலும், வாள் கண்ணிமைக்கும் நேரத்தில் மேலெழுந்து பிடித்திருப்பவரை நோக்கிப் பாயும். ஆகையால் அலகின் மேற்பகுதியால் வெட்டலாகாது. தோளுக்கு மேலே தூக்கி வெட்டலாகாது. அலகுக்கு நேரே தலையை வைக்கலாகாது. வெட்டுண்டு விழப்போகும் துண்டுக்கு முன்னரே முட்டுக்கொடுக்க வேண்டும். இவ்வாள்களின் ஓசை 100 டெசிபெல்லைத் தாண்டும். காதடைப்பில்லாமல் வேலை செய்பவன் வயது முதிருமுன்னரே செவிடாவான். நெடுநேர அதிர்வு விரல்களின் இரத்த ஓட்டத்தைக் கெடுத்து, அவற்றை மரத்துப்போகச் செய்யும். அதனால் அதிர்வு குறைந்த வாளைத் தெரிவதோடு, ஆள் மாறி ஆள் வேலை செய்யும்படி ஒழுங்கு செய்தலும் மேற்பார்வையாளரின் கடன்.

வாளைத் தொடக்குமுன் தெளிய வேண்டிய கேள்வி இன்னும் ஒன்றுண்டு: வெட்டப் போகும் கொங்கிறீற்றினுள் யாது இருக்கிறது? மின்கம்பியும் நீர்க்குழாயும் அங்கே கிடத்தல் கூடும். தளத்தைத் தாங்கும் பிரதான கம்பியை வெட்டினால், இன்று நிற்கும் தளம் நாளை தாழலாம். பெரிய கட்டடங்கள் சிலவற்றிலே வடங்களை வலிந்திழுத்து இறுக்கிய தளங்கள் உள்ளன. அவ்வடம் ஒன்று அறுமாயின், அடங்கியிருந்த விசை முழுவதும் வெடித்துச் சிதறும். எனவே வரைபடத்தைப் பாராமலும் பொறியியலாளரின் இசைவைப் பெறாமலும் வளையையோ தூணையோ தளத்தையோ வெட்டப் புகுதல் எவ்வாற்றானும் தகாது. ஆழமறியாமற் காலை விடலாகாது என்னும் முதுமொழி இங்கே எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும்.

ஆகவே கொங்கிறீற்று வாளைத் தெரிவு செய்பவர் வேலையை முதலிலும், ஆழத்தை அடுத்தும், எஞ்சினின் வகையை அதன்பின்னும் தீர்மானித்தல் முறை. பிறகு வடிகட்டி, பட்டி, உதிரிப்பாகம், திருத்துநர் என்பவற்றை விசாரிக்க வேண்டும். நீர்க்குழாயும் காப்பும் இல்லாத வாளை எந்த விலைக்குத் தந்தாலும் ஏற்கலாகாது. வாங்கியபின் நாள்தோறும் வேலை முடிந்ததும் அதனைக் கழுவித் துடைத்து, வடிகட்டியைப் பார்த்து, பட்டியைச் சரிசெய்து வைத்தால் அது பல ஆண்டு உழைக்கும். தேய்ந்த அலகுக்குப் புதிய அலகு கடையிலே கிடைக்கும். கெட்ட எஞ்சினுக்கும் மாற்று எஞ்சின் கிடைக்கும். அதனைத் தாங்கி நின்று வெட்டுபவனுடைய சுவாசப்பைக்கு உதிரிப்பாகம் விற்கும் கடை எந்நாட்டிலும் இல்லை.